பட்டறை சொல்லும் தண்ணீர்க் கணக்கு

செட்டிகுளம் வெங்காய வயல்களில் ஒரு தை மாதம்

திருச்சியிலிருந்து சென்னை போகும் நெடுஞ்சாலையில் பாடாலூரைத் தாண்டினால் ஆலத்தூர் கேட். அங்கிருந்து மேற்கே திரும்பும் சாலையில் சுமார் எட்டு கிலோமீட்டர் போனால் செட்டிகுளம். ஊரை நெருங்கும்போதே குன்றின் மேல் தண்டாயுதபாணி கோயில் தெரியும். கையில் கரும்போடு நிற்கும் முருகன் என்பதால் வெளியூர்க்காரர்கள் தேடி வரும் கோயில். அடிவாரத்து ஊரில் ஏகாம்பரேசுவரர் கோயில். ஆனால் தை மாதத்தில் இந்தச் சாலையில் வருபவர்களுக்குக் கோபுரத்துக்கு முன்பே வந்து சேர்வது வெங்காய வாடைதான்.

பெரம்பலூர் மாவட்டம் தமிழ்நாட்டின் சின்ன வெங்காயச் சாகுபடியில் முன்னணியில் நிற்பது. அதில் செட்டிகுளமும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும் முக்கியமானவை. சாலையின் இரு பக்கமும் கரிசலும் செம்மண்ணும் மாறி மாறி வருகின்றன. மக்காச்சோளத் தட்டை ஒரு பக்கம் காய்ந்து நிற்கிறது. பருத்தி ஒரு பக்கம் வெடித்திருக்கிறது. நடுவில் பச்சை மங்கிப் பழுப்பேறிய வெங்காய வயல்கள். வயலோரங்களில் நீளநீளமாக, ஆள் இடுப்புக்கு மேல் உயரத்தில், ஓலையும் தட்டையும் போர்த்திய பட்டறைகள். வெங்காயம் சேமிக்கும் இந்தப் பட்டறைதான் இந்த ஊர்க்காரர்களுக்குக் களஞ்சியம், வங்கி எல்லாமே.

ஐப்பசி கடைசியிலும் கார்த்திகையிலும் நட்ட காய் தையில் பிடுங்கலுக்கு வருகிறது. மழை ஓய்ந்து பனி மட்டும் மிச்சமிருக்கும் இந்த நாட்களில் கிணற்றடிகளில் ஒரே பேச்சுதான் நடக்கிறது. இன்னொரு தண்ணீர் விடலாமா, வேண்டாமா?

ஒரு கிணறு, இரண்டு வயல்

ஊருக்கு வெளியே ஒரு கூட்டுக் கிணறு. பாறையைக் குடைந்து இறக்கிய ஆழமான திறந்தவெளிக் கிணறு. அண்ணன் தம்பி இருவருக்குச் சொந்தமாக இருந்தது. தம்பி இறந்த பிறகு அவர் மகன் பங்கு எடுத்திருக்கிறார். ஒரு நாள் பெரியப்பாவுக்கு, ஒரு நாள் மகனுக்கு என்று முறை வைத்துப் பாய்ச்சுகிறார்கள். இருவருக்கும் ஆளுக்கு ஒரு ஏக்கர் வெங்காயம். ஒரே மண், ஒரே விதைக்காய், ஒரே வாரத்தில் நடவு. வித்தியாசம் தண்ணீர் விடும் விதத்தில் மட்டும்தான்.

"கரன்ட் வந்தா மோட்டார போட்டுரணும் பெரியப்பா. நாளைக்கு வருமோ வராதோ" என்பது இளையவரின் பழக்கம். மும்முனை மின்சாரம் குறிப்பிட்ட நேரம்தான் வரும். இரவில் வந்தால் இரவிலேயே பாய்ச்ச வேண்டும். அப்படிப் பாய்ச்சும்போது மடையைத் திறந்துவிட்டுக் கட்டிலில் சாய்பவர்கள் அதிகம். விடிந்து பார்த்தால் சால் முழுக்கத் தண்ணீர் நிற்கும். பயிரின் தேவைக்குப் பாய்ச்சாமல் மின்சாரத்தின் வசதிக்குப் பாய்ச்சுவது இந்தப் பகுதியில் பலருக்கும் பழகிப்போன ஒன்று.

பெரியவர் வேறு மாதிரி. மடையைத் திறக்கும் முன் பாரின் பக்கவாட்டில் நான்கு விரல் ஆழம் தோண்டி ஒரு கைப்பிடி மண் எடுப்பார். உள்ளங்கையில் வைத்துப் பிடித்துப் பார்ப்பார். உருண்டை உடையாமல் நின்றால் அன்றைய முறையை மக்காச்சோளத்துக்குத் திருப்பிவிடுவார். தொட்டதும் உதிர்ந்தால் வெங்காயத்துக்கு. கரிசலில் வெடிப்பு விழும் வரை காத்திருக்க மாட்டார். வெடிப்பு விழுந்தால் வேர் அறுந்துவிடும், அதன் பிறகு விடும் தண்ணீர் வெடிப்பு வழியே கீழே இறங்கிப் போய்விடும் என்பார்.

எத்தனை நாளுக்கு ஒரு தண்ணீர்?

கேள்வி–பதில் பகுதிகளுக்கு வெங்காய விவசாயிகளிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் கேள்வி இது. செட்டிகுளத்தில் கேட்டால் யாரும் ஒரே எண்ணைச் சொல்வதில்லை. "மண்ணு கேக்கணும், வானம் கேக்கணும்" என்றுதான் தொடங்குகிறார்கள். ஆனால் அடிப்படை அட்டவணை எல்லோருக்கும் ஒன்றுதான். வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையும் அதை ஒட்டியே இருக்கிறது.

நடும்போது ஒரு தண்ணீர். மூன்றாம் நாள் உயிர்த் தண்ணீர். அதன் பிறகு மண்ணைப் பொறுத்து 7 முதல் 10 நாட்களுக்கு ஒரு முறை. அறுவடைக்கு 10 நாட்களுக்கு முன் நிறுத்தம்.

இந்த இடைவெளியை ஏன் நீட்டக் கூடாது என்பதற்கு வேரைப் பார்த்தாலே போதும். வெங்காயத்தைப் பிடுங்கினால் வெள்ளை நூல் போலக் கொஞ்சம் வேர்தான் வரும். பெரும்பகுதி மேல்மண்ணின் ஒரு அடிக்குள்ளேயே நின்றுவிடும். பருத்தியைப் போல ஆழத்தில் போய்த் தண்ணீர் தேட அதற்குத் தெரியாது. வேர்த்தூவியும் குறைவு. அதனால் ஒரே தடவையில் நிறையக் கொடுத்துப் பல நாள் காயப்போடுவதைவிட, குறைவாக அடிக்கடி கொடுப்பதே அதற்குப் பொருந்தும்.

அளவை லிட்டரில் கேட்பவர்களுக்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரு ஏக்கரில் 1 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் என்றால் ஏறத்தாழ 4,000 லிட்டர். வெயிலும் காற்றும் சேர்ந்து நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் உறிஞ்சும் காலநிலையில், ஐ.நா. உணவு மற்றும் வேளாண் அமைப்பின் பயிர்க் குணகங்களைக் கொண்டு பார்த்தால், இளம்பயிருக்கு நாளொன்றுக்கு 3.5 மில்லிமீட்டர், அதாவது சுமார் 14,000 லிட்டர் போதும். காய் பருக்கும் நடுப்பருவத்தில் 5.25 மில்லிமீட்டர், சுமார் 21,000 லிட்டர். முதிர்ச்சியில் மறுபடி 3.75 மில்லிமீட்டர், சுமார் 15,000 லிட்டராக இறங்கிவிடுகிறது. சொட்டுநீர் போட்டவர்கள் இதை அப்படியே நேரமாக மாற்றிக்கொள்ளலாம். தை மாதப் பனிக்காலத்தில் ஆவியாதல் குறைவு என்பதால் அதற்கேற்பக் குறைக்க வேண்டும். சித்திரை வெயிலில் கூட்ட வேண்டும்.

நடுவில் பஞ்சம் கூடாது

சின்ன வெங்காயம் 65, 70 நாள் பயிர். நட்ட ஒரு மாத வாக்கில் அடியில் பக்கக்காய்கள் பிரிந்து பருக்கத் தொடங்கும். அதிலிருந்து மூன்று வாரங்கள்தான் விளைச்சலை முடிவு செய்கின்றன.

எந்தப் பருவத்தில் தண்ணீர் குறைந்தால் எவ்வளவு இழப்பு என்பதற்கு உணவு மற்றும் வேளாண் அமைப்பு 1979-இல் வெளியிட்ட கணக்கு வெங்காயப் பயிருக்குப் பொதுவாகச் சொல்வது இது: இளம் பருவத்தில் தேவையில் 10 விழுக்காடு குறைந்தால் விளைச்சல் 4.5 விழுக்காடு குறையும். காய் பருக்கும் பருவத்தில் அதே 10 விழுக்காடு குறைந்தால் இழப்பு 8 விழுக்காடு. முதிர்ச்சிப் பருவத்தில் குறைந்தாலோ 3 விழுக்காடுதான். பயிர்க்காலம் முழுவதும் 10 விழுக்காடு குறைந்தால் 11 விழுக்காடு இழப்பு.

பெரியவருக்கு இந்தக் கணக்கு தெரியாது. ஆனால் அவர் மடை திறக்கும் வரிசை இதையேதான் பின்பற்றுகிறது. நடுப்பருவத்தில் கிணறு வற்றினால் மக்காச்சோளத்தை வாடவிட்டு வெங்காயத்தைக் காப்பாற்றுவார். தாள் நுனி காய்ந்து, நிறம் வெளிறிச் சாம்பல் பூத்தது போல ஆனால் தாமதமாகிவிட்டது என்று பொருள். அப்படி வாடிய பயிரில் இலைப்பேனும் சேர்ந்துகொள்ளும். காய் சிறுத்துப்போகும். காரம் மட்டும் தூக்கலாக இருக்கும். நீர் குறைந்த வெங்காயத்தில் காரத்துக்குக் காரணமான கந்தகச் சேர்மங்கள் செறிந்து நிற்பதே அதற்குக் காரணம். சமையலில் அது நல்லதுதான், ஆனால் எடை போடும் தராசுக்குக் காரம் தெரியாது.

வாடவிட்டு, பிறகு பயந்துபோய் ஒரே நாளில் வெள்ளமாகப் பாய்ச்சுவது இன்னும் மோசம். நின்றுபோன வளர்ச்சி திடீரென்று கிளம்பும்போது காய்கள் ஒழுங்கில்லாமல் பருக்கும், தோல் வெடிக்கும். ஒரே கொத்தில் ஒன்று பெரிதும் ஒன்று பொடியுமாக வந்தால் தரம் பிரிக்கும்போது பாதி கழிவுக்குப் போகும்.

கூடினால் வரும் கேடு

வெங்காயத்தில் தண்ணீர் கூடுவதும் குறைவதும் முதலில் ஒரே மாதிரிதான் தெரியும். இரண்டிலும் தாள் நுனி மஞ்சளாகும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். மஞ்சளைப் பார்த்ததும் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து மேலும் பாய்ச்சுகிறார்கள். வேர் மூச்சுவிட முடியாமல் கருத்துப்போனதுதான் உண்மையான காரணமாக இருக்கும். ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும். வேர் வெள்ளையாக இருந்தால் தாகம். பழுப்பாகி வழுவழுப்பாக இருந்தால் தேக்கம்.

திருகல் நோய் இந்த வட்டாரத்தில் பலரை வெங்காயத்தையே கைவிட வைத்திருக்கிறது. தாள் சுருண்டு திருகி, கழுத்து நீண்டு, காய் பருக்காமல் அழுகும். மழையும் ஈரமும் தொடர்ந்தால் வேகமாகப் பரவும். அடித்தாள் அழுகலுக்கும் ஈரம் தேங்கிய மண்தான் பிடித்த இடம். ஊதாப் புள்ளி நோய்க்குத் தாளில் ஈரம் நிற்க வேண்டும். பனிக்காலத்தில் மாலையில் தெளிப்புநீர் ஓட்டினால் இரவு முழுவதும் தாள் நனைந்தே கிடக்கும். அதனால் தெளிப்புநீர் வைத்திருப்பவர்கள் காலையில் ஓட்டிப் பகல் வெயிலில் தாளைக் காயவிடுகிறார்கள். பார் பிடித்து நட்டவர்கள் சாலின் கடைசியில் வடிகால் வெட்டி வைக்கிறார்கள். பாய்ச்சுவதற்கு வாய்க்கால் எவ்வளவு முக்கியமோ, வடிவதற்கும் அவ்வளவு முக்கியம்.

கடைசித் தண்ணீர்

சென்ற ஆண்டு தையில் இந்தக் கிணற்றடியில் ஒரு வாக்குவாதம் நடந்தது. நட்டு 56 நாள். தாள் இன்னும் நிமிர்ந்தே இருந்தது. பெரியவர் நிறுத்திவிட்டார். தன் முறைத் தண்ணீரையும் விட்டுக்கொடுத்தார்.

"ஏன் பெரியப்பா, இன்னும் ரெண்டு தண்ணி வுட்டா காய் கனமா வருமே. ஏவாரி எடைக்குத்தான காசு குடுக்குறான்?"

"இன்னிக்கே வித்தா நீ சொல்றது சரி தம்பி. பட்டறையில போடப் போறன்னா அது தண்ணி எடை. எல்லாம் வடிஞ்சு போயிரும்."

இளையவர் இரண்டு தண்ணீர் விட்டார். கடைசித் தண்ணீருக்கும் பிடுங்கலுக்கும் இடையில் நான்கே நாள். காய் பளபளவென்று, பார்க்க அழகாகத்தான் இருந்தது. மூட்டையும் பெரியவரைவிடக் கூடுதலாகவே கண்டது. அந்த வாரம் விலை இறங்கிக் கிடந்ததால் இருவருமே விற்கவில்லை. வயலில் உலர்த்திப் பட்டறையில் ஏற்றினார்கள்.

வெங்காயம் என்பது தாள்களின் அடிப்பகுதி பருத்ததுதான். தண்ணீர் நின்றதும் புதுத்தாள் வருவது நின்று, தாளில் இருக்கும் சத்து அடியில் இறங்கும். கழுத்து மெலிந்து, தாள் தானாகச் சாயும். வயலில் பத்துக்கு ஏழு செடியின் தாள் சாய்ந்தால் பிடுங்கலாம். வெளித்தோல் காய்ந்து காகிதம் போலாகிக் காயைப் போர்த்திக்கொள்ளும். நிறமும் அப்போதுதான் ஏறும். கடைசிவரை ஈரம் கிடைத்துக்கொண்டே இருந்தால் பயிர் வளர்வதை நிறுத்தாது. கழுத்து தடித்தே இருக்கும். தாளை அறுத்தாலும் அந்தக் கழுத்து மூடாது. பூஞ்சாணமும் அழுகலும் உள்ளே போக அதுதான் வாசல். பின்பருவத்தில் தழைச்சத்து உரத்தையும் சேர்த்துக் கொடுத்தவர்களுக்கு இந்தக் கேடு இரட்டிப்பு. 30-ஆம் நாள் மேலுரத்தோடு தழைச்சத்தை நிறுத்திவிட வேண்டும் என்று சொல்வது அதனால்தான்.

பட்டறை திறந்த நாள்

பட்டறை அமைப்பதே ஒரு கைவேலை. தரையில் கல் அடுக்கி, அதன் மேல் மரமும் மூங்கிலும் பரப்பி, காற்று அடியிலும் போகும்படி உயர்த்துகிறார்கள். அகலம் குறைவு, நீளம் அதிகம். பக்கவாட்டில் இடைவெளி விட்ட தட்டி, மேலே ஓலை. காற்று வீசும் திசைக்குக் குறுக்காக நிறுத்தினால் முழு நீளத்திலும் காற்று ஊடுருவும். இவ்வளவு செய்தாலும், ஈரத்தோடு உள்ளே போன காயைப் பட்டறை காப்பாற்றாது.

பங்குனியில் விலை ஏறியது. வியாபாரி வந்தார். பெரியவரின் பட்டறைக்குள் கையை விட்டு அளைந்தார். சருகு உரசுவது போலச் சலசலவென்று சத்தம். ஒரு காயின் கழுத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார், இறுகி இருந்தது. அதிகம் பேசவில்லை, விலையைச் சொன்னார்.

பக்கத்துப் பட்டறையில் கையை விட்டபோது சத்தம் இல்லை. ஓலையைப் பிரித்ததுமே வாடை சொல்லிவிட்டது. மேல் அடுக்கில் கறுப்புப் பூஞ்சாணம். நடுவில் கசிந்த காய்கள் பக்கத்துக் காய்களையும் நனைத்திருந்தன. அடியில் சில முளைவிட்டிருந்தன. நான்கு பெண்கள் உட்கார்ந்து இரண்டு நாள் ஆய்ந்தார்கள். நல்லது ஒரு பக்கம், அரைகுறை ஒரு பக்கம், குப்பைக்கு ஒரு பக்கம். தையில் கூடுதலாகக் கண்ட மூட்டைகள் எல்லாம் அந்தக் குப்பையோடு போயின. அதற்கு மேலும் போயின.

"ஏந் தம்பி, பாத்துப் பாத்து வளத்தது இப்பிடி ஆயிருச்சே" என்று ஆய்ந்துகொண்டிருந்த அக்கா ஒருவர் வருத்தப்பட்டார். அவர் பதில் சொல்லவில்லை.

இழப்பு அதோடு முடியவில்லை. ஒரு ஏக்கர் நடச் சுமார் 600 கிலோ விதைக்காய் வரை வேண்டும். சித்திரை, வைகாசி நடவுக்குத் தன் பட்டறையிலிருந்தே விதை எடுக்க வேண்டும் என்று நினைத்திருந்தவர், விலை ஏறிய நேரத்தில் வெளியில் வாங்க வேண்டியதாயிற்று. சின்ன வெங்காயத்தில் பட்டறை கெட்டால் விளைந்ததும் போகும், அடுத்த விதையும் போகும். எல்லாவற்றையும்விட, விலைக்குக் காத்திருக்கும் தெம்பு போய்விடும். அடுத்த தடவை வியாபாரி சொல்லும் விலைக்குக் களத்திலேயே கொடுக்க வேண்டிவரும்.

இந்தத் தையில்

இந்த ஆண்டு இளையவர் தன் ஏக்கரைக் குறுக்கே ஒரு வரப்பு போட்டு இரண்டாகப் பிரித்திருக்கிறார். சாலையோரப் பாதி பிடுங்கியதுமே விற்பதற்கு. அதற்குக் கொஞ்சம் பிந்தி வரை தண்ணீர் விட்டார். காய் கனமாக இருக்கிறது, உடனே சந்தைக்குப் போகிறது. அதில் தவறு ஒன்றும் இல்லை. மறு பாதி பட்டறைக்கும் விதைக்கும். அதற்கு 55-ஆம் நாளோடு மடையை அடைத்துவிட்டார். கரிசல் செம்மண்ணைவிட நாள்பட ஈரம் பிடித்து வைக்கும் என்பதால், தாழ்வான மூலைக்கு இரண்டு நாள் முன்பே நிறுத்தினார்.

மண்ணைக் கையில் பிடித்துப் பார்க்கும் வழக்கமும் வந்துவிட்டது. கை நிதானம் வரும் வரை கருவியையும் நம்பலாம். கோவை கரும்பு இனப்பெருக்கு நிறுவனம் உருவாக்கிய மண் ஈரம் காட்டும் கருவியைப் பாரில் குத்தினால், நீலமும் பச்சையும் எரிந்தால் பாய்ச்ச வேண்டாம். ஆரஞ்சு எரிந்தால் தயாராக வேண்டும். சிவப்பு எரிந்தால் உடனே பாய்ச்ச வேண்டும். கரும்புக்காக வந்த கருவி என்றாலும் மண் ஈரம் எந்தப் பயிருக்கும் ஒன்றுதான்.

நிறுத்திய பிறகு வரும் பத்து நாள்தான் மனதுக்குக் கடினமானது. கிணற்றில் தண்ணீர் கிடக்கிறது, மின்சாரமும் வருகிறது, கண்ணெதிரே பயிர் பழுத்துக்கொண்டே போகிறது. கை தானாக மோட்டார் பெட்டிக்குப் போகும். மார்கழி கடைசியில் ஒரு நாள் அப்படித்தான் போனது. வரப்பில் நின்ற பெரியவர் எதுவும் சொல்லவில்லை, பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார். இளையவர் மோட்டாரைப் போட்டார். ஆனால் வெங்காய மடையைத் திறக்கவில்லை. வாய்க்காலை மக்காச்சோளத்துப் பக்கம் வெட்டிவிட்டார்.

பொங்கல் கழிந்த நான்காம் நாள் அந்தப் பாதியில் பிடுங்கல் நடந்தது. தாள் சாய்ந்து கிடந்த வயலில் பெண்கள் வரிசையாகக் குனிந்து பிடுங்கி, ஒரு வரிசைக் காயை அடுத்த வரிசையின் தாள் மூடும்படி பரப்பிக்கொண்டே போனார்கள். காய் வெயில் படாமல் நிழலிலேயே உலரட்டும் என்பதற்காக. பெரியவர் ஒரு கொத்தை எடுத்து மண்ணைத் தட்டினார். தோல் உரசியது. கழுத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, திரும்ப வைத்தார்.

"மூணு நாள் காயட்டும். அப்புறம் பட்டறையில ஏத்து."

கல்லும் மூங்கிலும் வரப்போரத்தில் தயாராகக் கிடந்தன.